மனசை அளந்த டாக்டரம்மா



டி.வி.எஸ். என்று சொன்னதும் நம்ம ஆட்டோமொபைல் பிரிவுக்காரங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வண்டி, பிரேக், ஸ்பேர் பார்ட்ஸ், கேம்பஸ் இன்டர்வியூ. எனக்கு எங்க அப்பாவோட டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஞாபகம் வரும். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை மூட்டையை முன்னாலயும் பின்னாலயும் கட்டிக்கிட்டு, நடுவுல ஆள் இருக்கிறதே தெரியாம அப்பா போவார். அந்த மூணு எழுத்துக்குள்ள இருக்கிற டி.வி. சுந்தரம் அய்யங்காரை நமக்குத் தெரியும். 1912ல் மதுரையில் பஸ் விட ஆரம்பித்தவர். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தார், அந்த மகள்தான் நம்ம ஊருக்குப் பக்கத்தில், மதுரை ரோட்டில், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தை உண்டாக்கினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தினமும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் பாதிப் பேர் காலேஜுக்கு வருகிறோம். எனக்கே போன வருஷம் வரைக்கும் தெரியாது.

தெரிய வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என்.எஸ்.எஸ். முகாமில் எங்கள் குழுவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பத்து வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அஞ்சு கட்டம்: முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்து இல்லை, ஏற்கவில்லை, முற்றிலும் ஏற்கவில்லை. மூணாவது வாக்கியம், பெண் பிள்ளைகளை ஆண் பிள்ளைகளுக்குச் சமமாகப் படிக்க வைக்க வேண்டும் என்பது. முகாம் நடந்தது எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்தான் என்பதால் கடைசி நாள் எங்க தெருவையும் சேர்த்துக்கொண்டோம். எங்க வீட்டுக்கும் நானே போனேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூணாம் நம்பருக்கு முழுமையாக ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னார். நானும் போட்டேன். அந்த நேரத்தில் எங்க அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நூல் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவள். பத்தாம் வகுப்போடு நின்றவள். அவள் நின்ற வருஷம்தான் என்னை இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தார்கள்.

அப்பா பொய் சொல்லவில்லை நண்பர்களே. அதுதான் எனக்குப் புரியாமல் போனது. மனசாரத்தான் சொன்னார். அப்படியென்றால் அந்த டிக் எதை அளக்கிறது? இதை எங்கள் என்.எஸ்.எஸ். அலுவலரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, இந்தக் கேள்விக்கு நம்ம ஆத்தூர் ஒன்றியத்திலேயே அறுபது வருஷத்துக்கு முன்னால் விடை தேடியிருக்கிறார்கள், காந்திகிராமத்துக்குப் போய்க் கேள் என்றார். போனேன். அங்கேதான் டாக்டர் சௌந்தரம் அம்மாவைத் தெரிந்துகொண்டேன்.

சௌந்தரம் 1904 ஆகஸ்ட் 18ஆம் தேதி பிறந்தவர். வசதியான, ஆசாரமான அய்யங்கார் குடும்பம். அந்தக் கால வழக்கப்படி 1918லேயே கல்யாணம். மாப்பிள்ளை உறவுக்காரர், டாக்டர் சௌந்தரராஜன். மதுரையில் வைத்தியம் பார்த்தவர். மனைவி படிக்க வேண்டும் என்று நினைத்த மனுஷன். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அதே நோய் அவரையும் கொண்டுபோய்விட்டது. சௌந்தரம் இருபதைத் தாண்டியவுடனே விதவை ஆகிவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஒரு ஆசாரமான வீட்டில் 1920களில் ஒரு இளம் விதவை என்றால் என்ன அர்த்தம்? மூலையில் உட்கார வேண்டும், விசேஷங்களில் முன்னால் வரக் கூடாது. யாரும் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றியிருக்கிற எல்லோர் முகத்திலும் எழுதியிருக்கும். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண்ணே அதை நம்பிவிடுவாள். மனப்பான்மை என்பது இப்படித்தான் உருவாகிறதாம். யாரும் பாடம் நடத்தி வருவதில்லை. சின்ன வயசில் யார் எதைத் தொட்டார்கள், யார் எதைப் பார்த்து முகம் சுளித்தார்கள், எதற்குக் கை தட்டினார்கள் என்பதில் இருந்து உப்பு மாதிரி உள்ளே இறங்குகிறது. மனோதத்துவப் புத்தகத்தில் அதற்கு மூணு பாகம் சொல்கிறார்கள்: ஒன்றைப் பற்றி நாம் நினைப்பது, அதைப் பார்த்தால் மனசு படும் பாடு, அதன்முன் நாம் நடந்துகொள்வது. மூணும் ஒரே திசையில் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் இருப்பதில்லை.

சுந்தரம் அய்யங்கார் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. ஊர் என்ன நினைக்கும் என்பது ஒரு பக்கம். கண்முன்னே வெந்துகொண்டிருக்கிற மகள் ஒரு பக்கம். அந்தக் குடும்பம் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க அனுப்பியது. அதுவும் மதுரையில் இல்லை, டெல்லியில், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில். மதுரையில் இருந்து ரயில் ஏறினால் டெல்லி போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புருஷன் விட்ட இடத்தில் இருந்து மனைவி எடுத்துக்கொண்டது போல, 1936ல் சௌந்தரம் டாக்டர் ஆனார்.

டெல்லியில் கூடப் படித்த சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் வட்டம் பழக்கமானது. அங்கேதான் ஜி. இராமச்சந்திரனைச் சந்தித்தார். கேரளத்துக்காரர், தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியின் சீடர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். இப்போது பாருங்கள், விதவை மகளை டெல்லி வரைக்கும் அனுப்பிப் படிக்க வைத்த அதே வீடு இதை ஏற்கவில்லை. விதவை மறுமணம், அதுவும் வேறு சாதி, வேறு மொழி. படிப்பு விஷயத்தில் மாறிய மனசு கல்யாண விஷயத்தில் மாறவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஒருவர் முற்போக்கு, ஒருவர் பிற்போக்கு என்று நாம் மொத்தமாக முத்திரை குத்துகிறோம். ஒரே ஆளுக்குள்ளேயே ஒரு அறை திறந்திருக்கிறது, பக்கத்து அறை பூட்டியிருக்கிறது. நம்ம ஊர்தான் பூட்டுக்குப் பேர் போனதாச்சே, ஒரு சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது என்று நமக்குத் தெரியாதா?

காந்தியடிகள் இதில் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பெற்றவர்களைத் திட்டவில்லை, பிள்ளைகளையும் தடுக்கவில்லை. ஒரு வருஷம் இருவரும் பார்க்காமல், கடிதம் எழுதாமல் பிரிந்திருக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் அதே மனசு இருந்தால் தானே நடத்தி வைப்பதாகச் சொன்னார். நம்ம பாஷையில் சொன்னால் லோடு டெஸ்ட். ஒரு வருஷம் தாங்கியது. 1940 நவம்பர் மாதம் சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூரிபா முன்னிலையில் கல்யாணம் நடந்தது.

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இருவருமே இறங்கினார்கள். 1944ல் கஸ்தூரிபா சிறைக்காவலிலேயே இறந்தபின், அவர் பெயரில் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு அறக்கட்டளை தொடங்கியபோது, தமிழ்நாட்டு வேலையை சௌந்தரம் அம்மாவிடம் ஒப்படைத்தார் காந்தி. அந்த வேலையின் தொடர்ச்சிதான் 1947 அக்டோபர் 7ஆம் தேதி தொடங்கிய காந்திகிராமம். நாடு சுதந்திரம் வாங்கி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. நம்ம மாவட்டம் பிரிந்ததே 1985ல்தான். கோடீஸ்வர வீட்டுப் பெண், டெல்லியில் படித்த டாக்டர், சென்னையில் பெரிய கிளினிக் வைத்திருக்கலாம். வந்து உட்கார்ந்தது சின்னாளபட்டியில். அங்கே இரண்டே படுக்கையோடு ஒரு சின்ன வைத்தியசாலை. அதுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற கஸ்தூரிபா ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி கட்டிவிட்டால் ஜனங்கள் வந்துவிடுவார்களா? இங்கேதான் நம்ம கதை ஆரம்பம்.

எங்க அப்பத்தாவுக்கு ஆறு பிள்ளை. முதல் அஞ்சும் வீட்டிலேயே, மருத்துவச்சி பார்த்த பிரசவம். அதில் ரெண்டு தங்கவில்லை. ஆறாவது எங்க அப்பா, காந்திகிராமம் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். நான் அப்பத்தாகிட்ட உட்கார்ந்து கேட்டேன், ஏன் முதல் அஞ்சுக்குப் போகவில்லை என்று. பயம் என்றது. ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்தை அறுத்துருவாங்க, ஆம்பளை பார்ப்பாங்க, செத்தாத்தான் அங்க கொண்டுபோவாங்க என்று ஊரே நம்பிக்கொண்டிருந்ததாம். பிறகு எப்படி மனசு மாறியது, யாராவது கூட்டம் போட்டுப் பேசினார்களா, படம் காட்டினார்களா என்றேன். படமெல்லாம் போட்டார்கள், பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டோம் என்றது அப்பத்தா. மாற்றியது பக்கத்து வீட்டுப் பெரியாயி. அது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெத்துக்கிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, தன் காலால் நடந்து தெருவுக்குள் வந்தது. அதை ஒரு தெருவே வாசலில் நின்று பார்த்ததாம். அவ்வளவுதான்.

அப்பத்தா சொன்ன இதே விஷயத்தைத்தான் காந்திகிராமத்தில் ஒரு திட்டமாகவே செய்திருக்கிறார்கள். 1959ல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ஒரு சோதனைச் சுகாதாரத் திட்டம் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கியது. சுமார் ஒரு லட்சம் ஜனத்தொகை. அந்தத் திட்டம்தான் வளர்ந்து 1964ல் கிராமியச் சுகாதார, குடும்ப நல நிறுவனம் ஆனது. அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைசூரில் ஐக்கிய நாடுகள் சபையும் நம்ம அரசாங்கமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு உட்பட, பல இடத்திலும் ஒரே விசித்திரம். அளவாகப் பிள்ளை பெற வேண்டுமா என்று கேட்டால் ஆமாம் என்பவர்கள் ஏராளம். செய்கிறீர்களா என்றால், செய்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூணையும் தனித்தனியாக அளக்கிற பழக்கம் அப்போதுதான் பரவியது. மூணுக்கும் நடுவில் பெரிய பள்ளம்.

இதைப் படித்ததும் எனக்கு எங்க அப்பாவோட டிக் ஞாபகம் வந்தது. அது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நமக்கெல்லாம் சந்தோஷம் தருகிற ஒரு விஷயம் கிடைத்தது. மனப்பான்மையை அளக்க முடியும் என்று 1928ல் அடித்துச் சொன்ன அமெரிக்கர் தர்ஸ்டன், முதலில் நம்ம ஆள்! இஞ்சினியரிங் படித்தவர். எடிசனின் லேபில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். பிறகுதான் மனோதத்துவத்துக்குப் போனார். ஒரு விஷயத்தைப் பற்றிப் பல வாக்கியங்களைச் சீட்டில் எழுதி, நிறையப் பேரிடம் கொடுத்து, ரொம்ப ஆதரவு முதல் ரொம்ப எதிர்ப்பு வரை பதினொரு குவியலாகப் பிரிக்கச் சொல்வார். அதில் இருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பு எடுப்பார். ஸ்கேலில் கோடு போடுகிற மாதிரிதான். அது பெரிய வேலை என்று 1932ல் லிக்கர்ட் என்பவர் எளிமையாக்கினார். நாங்கள் முகாமில் தூக்கிக்கொண்டு அலைந்த அஞ்சு கட்டம் அவர் தந்ததுதான்.

ஆனால் வெர்னியர் காலிப்பரை எடுத்தவுடன் நாம் என்ன செய்வோம்? முதலில் ஜீரோ எரர் பார்ப்போம். பார்க்காமல் ரீடிங் எடுத்தால் லேபில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். மனசை அளக்கிற கருவிக்கும் ஜீரோ எரர் உண்டு. கேட்கிறவர் படித்தவராகத் தெரிந்தால், அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வோம். எங்க அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தது டிப்ளமோ படிக்கிற மகன். கையில் படிவம். வேறு எந்தக் கட்டத்தைக் காட்டுவார் பாவம்?

இந்த எரர் ரெண்டு பக்கமும் வரும் என்பதற்கு லாபியர் என்பவரின் ஆய்வைச் சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு அதிகம் இருந்த காலம். 251 விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நுழைந்தார்கள். இடமில்லை என்று சொன்னது ஒரே ஒரு இடம். ஆறு மாசம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாட்டோம் என்றார்கள். அங்கே வாய் கெட்டது, கை நல்லது. எங்க வீட்டில் வாய் நல்லது, கை வேறு. வாயை மட்டும் அளந்தால் ரெண்டுமே தப்பாகத்தான் வரும்.

ஆத்தூர் ஒன்றியத்தில் வேலை செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் அவர்களுடைய பெருமை. ஊருக்குள் ஒரு ரகசியம் இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தனியாக, இனிப் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிறாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி தப்பாக நினைப்பாளோ என்று பயப்படுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியும் இவளைப் பற்றி அதையே நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாள். எல்லோரும் மனசுக்குள் சம்மதம், வெளியே மவுனம். இந்த மவுனத்தை வெளியூர் அதிகாரி மைக் பிடித்து உடைக்க முடியாது. அதனால் ஊர் ஜனங்கள் யாரை நம்புகிறார்கள், யாரிடம் யோசனை கேட்கிறார்கள் என்று விசாரித்து, அந்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான், பெரிய படிப்பெல்லாம் கிடையாது. அந்த மனுஷர்கள் தெருவில் பேசினார்கள். பேச்சோடு விடாமல், தேவையான சாதனமும் கூச்சப்படாமல் வாங்குகிற தூரத்தில் கிடைக்க ஏற்பாடு. ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், விஷயம் தெரிந்திருக்க வேண்டும், பொருள் கைக்கெட்ட வேண்டும். இந்த மூணும்தான் 1963ல் நாடு முழுவதற்குமான குடும்ப நலத் திட்டத்தின் புதிய அணுகுமுறையாக ஆனது. நம்ம ஆத்தூர்த் தெருக்களில் கற்றது டெல்லிக்குப் போனது!

பலன் என்ன? 1959ல் ஆத்தூர் ஒன்றியத்தில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு நாற்பதுக்கு மேல் இருந்த பிறப்பு விகிதம், 1968ல் முப்பதுக்கும் கீழே இறங்கியது. பத்து வருஷத்துக்குள். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இதே நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கு மேல் அறுவை செய்தார்கள். இலக்கு வைத்து, வடக்கே பல ஊர்களில் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய். எண்ணிக்கை ஏறியது, மனசு கெட்டது. 1977 தேர்தலில் ஜனங்கள் பதில் சொன்னார்கள். அந்தத் திட்டத்தின் பெயரைக் கேட்டாலே ஆண்கள் ஓடுகிற நிலைமை வந்தது. அதுவரை ஆண்கள்தான் அதிகம் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாரம் முழுசும் பெண்கள் மேல் விழுந்தது, இன்றுவரை எடுபடவில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை என்பதை இந்த மலரில் எழுதி வைக்கிறேன்.

எல்லாம் சௌந்தரம் அம்மா ஒருவரே செய்தார் என்று சொன்னால் அது ரசிகர் மன்றப் பேச்சு. ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள், நர்சுகள் இருந்தார்கள், வெயிலில் நடந்த ஊழியர்கள் இருந்தார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1959ல் படிவத்தோடு போனவர்களுக்கு ஜனங்கள் கதவைத் திறந்தார்கள் என்றால், அதற்குமுன் பன்னிரண்டு வருஷமாக அந்த வீடுகளின் பிரசவத்தையும் காய்ச்சலையும் பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர் அவர்களுக்கு முன்னால் போயிருந்தது. சொல்கிற விஷயத்தைவிடச் சொல்கிற ஆள் யார் என்பதைத்தான் மனசு முதலில் பார்க்கும்.

இன்னொன்று, காந்திகிராமத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். வெவ்வேறு கூட்டத்து ஆட்கள் சமமான நிலையில் ஒன்றாக வேலை செய்தால் வெறுப்பு குறையும் என்று ஆல்போர்ட் என்ற அமெரிக்க அறிஞர் புத்தகம் எழுதியது 1954ல். இங்கே அதற்கு முன்பே உலை கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்தபின் மனசு மாறும், மாறியபின் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் நடக்காது. 1957ல் பெஸ்டிங்கர் என்பவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நாம் செய்ததும் நினைப்பதும் முரண்பட்டால் மனசுக்குள் உறுத்தும். செய்ததை அழிக்க முடியாது, அதனால் நினைப்பை மாற்றிக்கொள்வோம். விதவை மறுமணம் செய்துகொண்ட சௌந்தரம் அம்மா அதைப் பற்றிப் பிரசாரம் செய்ய வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டேதானே ஊர்ப் பெண்கள் மருந்து வாங்கிப் போனார்கள்.

அரசியலிலும் இருந்தார். 1952ல் ஆத்தூர் தொகுதி, 1957ல் வேடசந்தூர் தொகுதி எம்.எல்.ஏ. 1962ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். அதே வருஷம் பத்மபூஷண். 1967ல் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். இந்தி எதிர்ப்புப் போராட்டம் முடிந்து ரெண்டு வருஷம், தமிழ்நாடு முழுக்க அலை. அந்த அம்மா கையால் பிறந்த பிள்ளைகளின் அப்பா அம்மாவே எதிர்த்து ஓட்டுப் போட்டிருப்பார்கள். டாக்டரம்மா மேல் இருந்த மரியாதை ஒரு அறை, காங்கிரஸ் மேல் இருந்த கோபம் இன்னொரு அறை. தோற்றபின் அவர் மதுரைக்கோ சென்னைக்கோ போய்விடவில்லை. காந்திகிராம வேலைகள் தொடர்ந்து வளர்ந்தன. 1956ல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதையும் பார்த்தார். 1984 அக்டோபர் 21ஆம் தேதி காலமானார். 2005ல் தபால்தலை வெளியிட்டார்கள்.

இன்று தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்குப் பிறப்பு விகிதம் பதினைந்துக்கும் கீழே. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த கதையைச் சொன்னால் என் வகுப்புப் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மனசு ஒரு தடவை மாறிவிட்டால், முன்னால் எப்படி இருந்தோம் என்பதே மறந்துபோகும் போலிருக்கிறது.

காந்திகிராமத்தில் இருந்து வந்த அன்று ராத்திரி முகாம் படிவத்தின் மிச்சப் பிரதி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலே, பதில் அளிப்பவர் குடும்பத் தலைவர் என்று அச்சடித்திருந்தது. அறுபது வீட்டுக்கு மேல் போனோம். உள்ளே தூங்கியவர்களை எழுப்பிக் கேட்கவில்லை. ஆத்தூர் ஒன்றியத்தில் அந்தக் காலத்திலேயே பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசினார்கள். நாங்கள் திண்ணையோடு திரும்பி வந்திருக்கிறோம். இதில் அப்பாவை மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அக்கா சம்பளத்தில் வாங்கிய டிராப்டரோடு ரெண்டு வருஷம் காலேஜ் வந்த நான், என்றைக்காவது அவளைக் கேட்டேனா? என்னைக் கேட்டிருந்தால் நானும் அதே கட்டத்தில்தான் டிக் போட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு லீவு. சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூணாம் நம்பர் வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். அவள் கட்டம் எதையும் காட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாமாமே, மில்லில் கூட வேலை பார்க்கிற ஒரு பெண் எழுதுகிறாள், அதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. திண்ணையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அப்பா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, திண்டுக்கல் போகும்போது விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வண்டியை உதைத்தார்.